மண்பானை குளிராத ஊர்

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இருக்கிற காலம் முழுக்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், மர நிழலில் இருந்துவிட்டு, சாவியை ஒப்படைக்கும் நேரத்தில்தான் எந்த ஊரில் போய் உட்காருவது என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கு இப்போது அந்த நேரம். மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். "அப்பா, இங்க ராத்திரியில ஃபேனே வேண்டாம்" என்கிறாள். மாமாவோடு வேலை பார்த்தவர்களில் வசதியானவர்கள் கோவைப் பக்கம் வீடு வாங்கிவிட்டார்கள். அக்காவுக்குக் கடலூர்தான். மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் வேறு எந்த ஊரைச் சொல்வாள்?

நான் வங்கி வேலையில் மாற்றல் வாங்கி வாங்கி வேலூர், கோவை, திருச்சி, நாகர்கோவில் என்று குடித்தனம் நடத்தியவன். அதனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாமா செல்போனைப் பார்த்து ஒவ்வொரு ஊரின் மே மாத வெயிலையும் தாளில் எழுதி வைத்திருந்தார். வேலூருக்கும் திருச்சிக்கும் 38, 39 என்று இருந்தது. கடலூருக்கு 37. கோவைக்கு 35.

"பாரு மச்சான், வேலூருக்கும் நம்ம ஊருக்கும் ரெண்டே டிகிரிதான். இதுக்கா ஊர் முழுக்க வேலூரைத் திட்டுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு டிகிரியை வைத்து ஊரை எடை போட முடியாது. அதற்கு மண்பானை போதும்.

வேலூரில் குடியிருந்தபோது சமையலறை மூலையில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு பானை வைத்திருந்தோம். மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே தார்ச்சாலை இளகிக் கிடக்கும். பானையைத் திறந்து ஒரு சொம்பு மொண்டால் பல் கூசும். அதே பானையை லாரியில் வைக்கோல் சுற்றிப் பத்திரமாகக் கடலூருக்குக் கொண்டுவந்தோம். இங்கே தண்ணீர் பேருக்குக் கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். அடியில் வைத்த மணல் மட்டும் எப்போதும் சொதசொதவென்று இருந்தது. பானையில் குறையில்லை. சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பானை குளிர்வது அதனால்தான். வேலூர்க் காற்று காய்ந்த காற்று, கசிந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கடலூர்க் காற்றில் ஏற்கெனவே கடல் ஈரம் நிறைந்திருக்கிறது. இன்னும் வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை.

மனித உடம்பும் அந்தப் பானை மாதிரிதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். வேலூரில் வியர்ப்பதே தெரியாது. உதடு வெடிக்கும், மூக்கு காயும், தலை சுற்றும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றால் ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் நிழலுக்கு வந்து ஒரு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் ஆசுவாசமாகிவிடும். கடலூரில் நிழலில் உட்கார்ந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வெப்பமானி 35 என்று காட்டும், உடம்புக்கு 42 போலத் தோன்றும். வேலூரில் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஏர்கூலர் ஓடும். அதையே இங்கே வாங்கி வைத்தால் அறை இன்னும் புழுங்கும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடலோரத்துக்கு வீடு மாறி வருகிறவர்கள் முதல் வருஷத்திலேயே இன்னும் சில விஷயங்களைக் கண்டுகொள்வார்கள். உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நீர் கட்டும். பொரித்த அப்பளம் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் நமத்துப்போகும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உள்ளே துரு பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரியும். ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் சுருளை உப்புக்காற்று அரித்து, கேஸ் கசிந்து, கோடை நடுவில் நின்றுபோகும். தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்தபடி வீடு கட்டியவர்களிடம் கேளுங்கள், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள், இரும்பைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசுவார்கள்.

ஆனாலும் கடல் எங்களுக்குச் செய்கிற உபகாரத்தைச் சொல்லாமல் விட்டால் அக்கா சண்டைக்கு வருவாள். காலை பத்து, பதினொன்றுக்குள் தரை சூடேறிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைமேல் இருக்கும் காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் காற்று நுழையும். நல்ல நாளாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும். வந்ததும் கொடியில் இருக்கும் துணி திசை மாறி ஆடும், கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும். ஏப்ரல் வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும்.

தொல்லை மே கடைசியில் ஆரம்பிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்த மேல்காற்றாக இங்கே வந்து சேரும். அது பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்றால் கரையைத் தாண்ட முடியாது. மூன்று மணி, நான்கு மணி வரை ஊர் வெந்து கிடக்கும். கடலூர் 40 டிகிரியைத் தாண்டுவது அந்த மாதிரி நாட்களில்தான். கத்திரி முடிந்துவிட்டது என்று நாள்காட்டி சொல்லும். எங்களுக்கு ஜூன் முழுக்க வெயில் காய்ந்துகொண்டுதான் இருக்கும். மே மாதத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த ஜூனைத்தான்.

இந்த இடத்தில்தான் கோவை ஜெயிக்கிறது. கோவையில் வெயில் உச்சிக்குப் போவது மார்ச்சிலும் ஏப்ரலிலும். ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, மேகம் மூடி, பகல் வெப்பம் 31, 32 என்று இறங்கிவிடும். கேரளத்து மழை ஊருக்குள் பெரிதாக வராது, அதன் குளிர்ச்சி மட்டும் வரும். கடலூர் 36, 37இல் தகித்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் கோவைக்காரர்கள் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் இரவும் தணிந்துவிடும். என்னைக் கேட்டால் ஒரு ஊரின் கோடையைப் பகல் இரண்டு மணிக்கு அளக்கக் கூடாது, இரவு இரண்டு மணிக்கு அளக்க வேண்டும். பகலில் எப்படியாவது சமாளித்துவிடலாம். இரவில் மொட்டை மாடித் தளம் குடித்து வைத்த சூட்டைக் கக்க, கரண்டும் போய், 27 டிகிரியில் வியர்த்தபடி புரண்டு படுக்கிறவனுக்கு மறுநாள் ஓடாது. அறுபது வயதுக்கு மேல் தூக்கம்தான் பெரிய சொத்து. கோவையில் தூங்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் கோவைக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. அங்கே ஆண்டு மழை கடலூரில் பெய்வதில் பாதி அளவுதான். ஊர் பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீர் வருகிற அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அங்கே தேக்குவதைப் பொறுத்து இங்கே குழாய் ஓடும். நாங்கள் இருந்த தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான் வெளியூர்ப் பயணமே முடிவாகும். சிறுவாணி வந்த அன்றைக்கு என் மனைவி காபி போட்டால் ருசியே வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓசூருக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மகள் ஃபேன் வேண்டாம் என்று சொல்வதில் மிகை இல்லை. ரோஜா அங்கே செழிப்பதும் இந்தத் தட்பவெப்பத்தால்தான். வெயிலை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டில் மலைவாசஸ்தலம் அல்லாத ஊர்களில் ஓசூருக்குத்தான் என் ஓட்டு. ஆனால் மாமாவுக்கு மூட்டுவலி. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அந்தக் குளிர் முழங்காலுக்கு என்ன செய்யும் என்பதைச் செல்போன் சொல்லாது. இன்னொன்று, அது ஆலை ஊர். காலையிலும் மாலையிலும் ஷிப்ட் பஸ்களுக்கும் பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளுக்கும் நடுவே நடைப்பயிற்சி போக இடம் தேட வேண்டும்.

ஓசூரையும் கடலூரையும் தனித்தனி ஊர்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் அக்காதான் சொன்னாள்: "அங்க ஓடுறதும் நம்ம பெண்ணையாறுதானேடா?" ஆமாம், ஒரே ஆறுதான். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்கு விளிம்புக் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை பாலத்தளவுக்குப் பொங்கி நிற்கும் படங்களைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று இறங்கி, கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. ஓசூர்க்காரருக்கு அது நுரையாக வரும் ஆறு. எங்களுக்கு அது வெள்ளமாக வரும் ஆறு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஏறியதும் நகர்ந்து போயிருந்தால் கதை வேறு. அங்கேயே நின்றுகொண்டு பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலூரில் நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கான தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. வலுவிழந்த புயல் மெதுவாக உள்ளே போய், கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைக் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீட்டையே மூடியது. சாத்தனூர் அணை தாங்காமல், டிசம்பர் 2 விடிவதற்குள் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அத்தனையும் பெண்ணையாற்றில் இறங்கி, விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் கடலூருக்கு வந்து சேர்ந்தது. நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் தண்ணீர். நம் ஊர் வானிலை அறிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, ஊத்தங்கரை அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்பதைக் கடலூர்க்காரர்கள் அந்த வருஷம் நன்றாகப் படித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன் 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மாமாவே பார்த்த மழை அது. பண்ருட்டிப் பக்கத்து ஓடைகளில் திடீரென்று வந்த வெள்ளம் வீடுகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது. அதற்கும் முன் 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய அந்தக் காலையை மறக்க முடியாது. காற்று நின்ற பிறகு வெளியே வந்தால் தெரு அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது. மரங்கள் இல்லாததால் வந்த அகலம். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலா என்பது தாத்தா வைத்துப் பேரன் பறிக்கிற மரம், அடுத்த வருஷம் நட்டு ஈடுகட்டிவிட முடியாது. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் அந்த நாட்களில் பெரிய மனிதர் யார் என்றால், கொல்லையில் இருந்த அடிபம்ப்பைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்த ஒரு பாட்டிதான். மாடி வீட்டுக்காரர்களெல்லாம் குடத்தோடு அவர் வாசலில் நின்றோம்.

இதைக் கேட்டதும் மாமா, "அப்ப கடலோரமே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். அப்படியும் முடித்துவிட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரி மாவட்டத்தைப் பந்தாடியது. புயலே வராத ஊர் என்று அதுவரை நாகர்கோவிலில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் ஏறி, கடலே தெரியாத புதுக்கோட்டைக் கிராமங்கள் வரை தென்னையை முறித்துப் போட்டது. கடலூருக்கு ஒரு சௌகரியம், அடி வாங்கி வாங்கிப் பழகியிருக்கிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மெழுகுவத்தி, பால் பவுடர், மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது எல்லாம் தானாக நடக்கும்.

நாகர்கோவிலைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிடும். இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற ஊர், பச்சை கண்ணை விட்டுப் போகாது, வெயில் எல்லை மீறாது. வெயிலும் மழையும் மட்டும் கணக்கு என்றால் அங்கேயே தங்கியிருப்பேன். ஆனால் நெய்வேலிச் சொந்தங்களின் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அங்கிருந்து ரயில் ஏறி வருவதற்குள் பந்தி முடிந்துவிடும். தென்காசியும் அப்படித்தான், ஆனி ஆடிச் சாரலுக்காகவே அங்கே வீடு பார்க்கலாம். மாமா காதில் அது ஏறவில்லை. திருச்சிக்குக் காவிரி இருக்கிறது, மாநிலத்தின் நடுவில் இருக்கிறது, எங்கே போகவும் பஸ் உண்டு. ஆனால் ஏப்ரல் பிறந்தால் மலைக்கோட்டைப் பாறையோடு சேர்ந்து ஊரே சுடும்.

மருமகள் முறையில் ஒருத்தி, படித்த பெண், இதற்கெல்லாம் அரசாங்கமே பட்டியல் போட்டிருக்கிறதே என்று கேட்டாள். போட்டிருக்கிறது. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட வாழத்தகு நகரங்கள் குறியீட்டில் 111 நகரங்கள் இருந்தன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் சென்னை 4ஆவது, கோவை 7ஆவது. அதற்குக் கீழான ஊர்களில் சேலம் 5, வேலூர் 6. வேலூர் ஆறாவது என்றதும் மாமா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. அந்தக் குறியீடு வாழ்க்கைத் தரம், பொருளாதாரம், நீடித்த வளர்ச்சி, மக்கள் கருத்து என்று பார்க்கிறது. இரவில் தூக்கம் வருமா என்று பார்ப்பதில்லை. வேலூருக்கு அந்த இடம் நியாயமில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவது வெயிலை ரசிக்கவா? 1900இல் ஆரம்பித்த ஒரு மருத்துவமனைக்காக. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிதான் பாதி வானிலை. அந்த வகையில் கடலூருக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடலூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை; மாநகராட்சி ஆனதே 2021இல்தான்.

கடைசியில் கடலூர் என்றுதான் முடிவாயிற்று. அக்கா பேச்சுக்கு மேல் பேச்சு ஏது? ஆனால் அதற்கப்புறம்தான் உண்மையான ஒப்பீடே தொடங்கியது. கடலூர் என்றால் எந்தக் கடலூர்? வடக்கே தென்பெண்ணை, நடுவில் கெடிலம், பழைய நகரத்துப் பக்கம் உப்பனாறு. மூன்றுக்கும் நடுவில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கெடிலத்துக்கு வடகரையில் மஞ்சக்குப்பம், தென்கரையில் திருப்பாதிரிப்புலியூர். கலெக்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் கைக்கெட்டும் தூரம், ஆனால் பல தெருக்கள் பள்ளம். கடற்கரைப் பக்கம் காற்று முதலில் வரும், துருவும் முதலில் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே மனை வாங்க அக்காவுக்கே மனமில்லை. சிதம்பரம் சாலையில் ரசாயன ஆலைகள் இருக்கும் பக்கம், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதைப் பொறுத்து மூக்கு தீர்ப்புச் சொல்லும்.

நான் சொன்னது கேப்பர் மலைப் பக்கம். மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. மத்தியச் சிறை இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரே வேறு மாதிரி கேட்கும். ஆனால் பெண்ணையாறும் கெடிலமும் கரைபுரண்டால் அங்கே ஏறாது. செம்மண் மழையைக் குடித்துக்கொள்ளும். கடற்காற்று கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், மத்தியானத்தில் ஒரு டிகிரி கூடுதலாகக்கூட இருக்கும். அந்த ஒரு டிகிரியைக் கொடுத்து வெள்ளமில்லாத தூக்கத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. திருவந்திபுரம் தேவநாதசாமி கோயில் அந்த மேட்டின் அடிவாரத்தில்தான், அக்காவுக்கு அது ஒரு கூடுதல் காரணம்.

மனை பார்க்க மாசியிலும் பங்குனியிலும் போகாதீர்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். புரோக்கர்கள் அப்போதுதான் கூப்பிடுவார்கள், எல்லா மனையும் காய்ந்து அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில், இரண்டு நாள் அடைமழை விட்ட மறுநாள் காலையில் போக வேண்டும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்டின் அடிப்பக்கக் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சாலை போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசற்படி சாலைக்குக் கீழே போன வீடுகள் அந்தத் தெருவில் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த வெள்ளக் கறைக்கு மேல் இரண்டடி ஏற்றி அடித்தளம் போட்டால் ஆச்சு. கொல்லையில் ஓர் அடிபம்ப்பும் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மாமா இன்னும் பிடி கொடுக்கவில்லை.